கயிறு படாத மாடு

சாமி மாடு நொண்டத் தொடங்கிப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. இந்தப் பன்னிரண்டு நாளில் அதற்கு மூன்று பூசணிக்காய் உடைத்தார்கள். கொம்புக்கு எலுமிச்சம்பழ மாலை போட்டார்கள். நெற்றியில் அப்பிய மஞ்சளும் குங்குமமும் காய்ந்து பொருக்குத் தட்டிப்போயிருந்தது. முகத்தைப் பார்த்தார்கள், திமிலைப் பார்த்தார்கள், முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நொண்டுவது இடது பின்னங்கால். அதைக் குனிந்து பார்க்க இத்தனை பெரிய ஊரில் ஒரு முதுகு வளையவில்லை. விஜிக்கு வயிறு எரிந்தது.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊர் அவளுக்குப் புகுந்த ஊர். பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆன பிறகும் அவளுக்கு இங்கே பெயர் ஆண்டிபட்டிக்காரிதான். திராட்சைத் தோட்டங்களுக்குக் காய் வெட்டப் போகும் பெண்கள் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. புருஷன் நாகராஜ் திராட்சைக் கொடிகளுக்குக் கவாத்து வெட்டப் போகிறவன். நல்லவன், சண்டை என்றால் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். வீட்டுக்குச் சேர்த்து இவளுக்கு வாய் நீளம் என்று ஊரில் பேச்சு உண்டு. நீளம்தான். அதை அவளே மறுத்ததில்லை.

அந்த மாட்டை முத்தாலம்மனுக்கு விட்டதே விஜிதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் திரிஷா டெங்குவில் விழுந்தாள். அப்போது பதினொரு வயசு. தேனி ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் ரத்தத்தில் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே போவதாகச் சொன்னார்கள். நாலாம் நாள் விஜி வராந்தாவில் உட்கார்ந்து, பிள்ளையை எழுப்பிக் கொடு, வீட்டில் நிற்கிற செவலைக் கன்றை உனக்கே விட்டுவிடுகிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்தாள். கன்றுக்கு மாலை போட்டு, கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக் கோயில் வாசலில் விட்டாள். அன்றிலிருந்து அது சாமி மாடு.

சாமி மாட்டுக்கு இந்த ஊரில் ஒரே ஒரு சட்டம். கயிறு படக்கூடாது. மூக்குக் குத்துவதில்லை, கட்டிப்போடுவதில்லை, யார் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்டுவதில்லை. கயிறு போட்டுச் சாய்த்தால் சாமியையே தரையில் தள்ளிய மாதிரி. வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலன்று அது ஊரைச் சுற்றி வரும். வீட்டுக்கு வீடு அதன் கழுத்தில் புது வேட்டி கட்டுவார்கள். அது நிமிர்ந்து நடந்து வந்தால் மழையும் விளைச்சலும் குறையாது என்று நம்பிக்கை. விஜிக்கும் அந்த நம்பிக்கை உண்டு. இல்லாவிட்டால் இவ்வளவு பாடே பட்டிருக்க மாட்டாள்.

ஊருக்கு அது சாமி மாடாக இருந்தாலும் காலை ஆறு மணிக்கு அது வந்து நிற்பது தான் பிறந்த விஜி வீட்டு வாசலில்தான். கழனித்தண்ணி குடிக்காமல் போகாது. யாரும் இல்லாதபோது விஜி அதைச் செவலை என்றே கூப்பிடுவாள். பதிமூன்றாம் நாள் காலையில் அது வந்து நின்றபோது பின்னங்காலைத் தரையில் வைக்காமல், நுனியை மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்து உதறியது. அவள் வாளியை முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் போய்த் தரையோடு தரையாகக் குனிந்தாள்.

குளம்புக்கு இரண்டு பாதி. அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து, வெளிப்பக்கத்துப் பாதியை ஒட்டி, துருப்பிடித்த கம்பி நுனி ஒன்று விரல்கடை நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வீங்கிச் சீழ் கோத்திருந்தது. கம்பியைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துபோனது. திராட்சைப் பந்தல் கம்பி. இந்தக் கம்பிக்குக் கீழேதானே அவள் பாதி வயசைக் கழித்திருக்கிறாள். ஐப்பசியில் கோயில் கமிட்டித் தலைவர் கர்ணன், வாழை வைக்கிறேன் என்று ஆறு ஏக்கர் பந்தலைப் பிரித்து, நல்ல கம்பியை விற்றுவிட்டு, துண்டுக் கம்பியை எல்லாம் ஓடைப் பாதையில் கொட்டியிருந்தார். மாடு நடக்கிற பாதை அது.

அவள் நாகராஜின் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தாள். மாடு தண்ணீரில் வாயை வைத்திருக்கும்போதே கம்பி நுனியைக் கவ்விப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். மாடு உதைத்தது. தொடையில் விழுந்த உதையில் அவள் சுவரோடு போய் மோதினாள். பிளேயரின் வாயில் ஒரு துண்டுக் கம்பி இருந்தது. முறிந்த துண்டு. மீதி உள்ளேயே போய்விட்டது. இப்போது வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியும் இல்லை.

அன்று முழுக்க அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். பொறுத்திருக்க வேண்டும், டாக்டரிடம் போயிருக்க வேண்டும், அவசரக்குடுக்கை மாதிரி கையை வைத்திருக்கக் கூடாது.

மறுநாள் கோமாரி ஊசி போடக் கால்நடை டாக்டர் ரெஹானா ஊருக்கு வந்திருந்தாள். உத்தமபாளையத்துப் பெண், மெலிந்த உடம்பு, உரத்த குரல். விஜி முறிந்த கம்பித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னாள். ரெஹானா மாட்டின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"அக்கா, பத்துல ஒன்பது நொண்டலுக்குக் காரணம் குளம்புலதான் இருக்கும். நம்ம ஆளுக மேல பாத்துக்கிட்டே இருப்பாக. இப்ப எடுத்தா இது வெறும் புண்ணு. விட்டோம்னா மூட்டுக்குள்ள போயிரும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

எடுப்பது என்றால் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் கட்டி, குளம்பைக் கழுவி அறுத்துத் திறக்க வேண்டும். நாலைந்து பேர் பிடிக்க வேண்டும். அரை மணி நேர வேலை என்றாள். அரை மணி நேரம். விஜி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனாள்.

கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. பொங்கலுக்கு இன்னும் பத்து நாள். ஒருவர் இடுப்புச் சப்பை இறங்கிவிட்டது என்றார். இன்னொருவர் சப்பைக்குச் சூடு போட்டால் சரியாகும், சாமி மாட்டுக்குச் சூடு ஆகாதே என்று அவரே வருத்தப்பட்டார். தீட்டுக்காரி எவளோ குறுக்கே போயிருப்பாள் என்று மூன்றாமவர். விஜி முறிந்த கம்பித் துண்டை நடுவில் போட்டாள். இது சப்பையும் இல்லை, தீட்டும் இல்லை, கர்ணன் மாமா தோட்டத்துப் பந்தல் கம்பி என்றாள்.

கர்ணன் கம்பியைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தார்.

"இது உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

அவள் சொன்னாள். பாதியிலேயே தான் மாட்டிக்கொண்டது அவளுக்கே தெரிந்துவிட்டது. பேச்சு கம்பியை விட்டுவிட்டது. பந்தலை விட்டுவிட்டது. சாமி மாட்டின் மேல் இரும்பை வைத்து இழுத்தவள் என்று எல்லா விரலும் அவள் பக்கம் திரும்பியது. நொண்டலுக்கே அவள்தான் காரணம் என்கிற மட்டுக்கும் போனது. நொண்டல் பதினாலு நாளாக இருக்கிறது, நான் கை வைத்தது நேற்று என்று அவள் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

கடைசியில் கர்ணன் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். அவர் கத்தினால்கூடத் தேவலை. தணிந்த குரலில்தான் அவர் ஆளைக் குத்துவார்.

"உன் மகளுக்காக விட்ட மாடுத்தா இது. அதக் கயிறு போட்டுச் சாச்சு, ரத்தம் பாத்தா, நேர்த்தி முறிஞ்சு போகும். முறிஞ்சா அது யாரப் போய்ச் சேரும்னு யோசிச்சுக்க."

விஜிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவும், கட்டிலில் சுருண்டு கிடந்த பிள்ளையும் கண் முன்னால் வந்து போனது. பொங்கல் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ரெஹானா மயக்க ஊசி போட்டுப் படுக்க வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்ததையும், மயங்கி விழுந்த மாடு எப்படி ஊர் சுற்றும் என்று தட்டிக்கழித்தார்கள். புண்ணுக்கு ஊசி போடலாம், ஊசி கயிறு இல்லையே என்று மட்டும் பெரிய மனசு பண்ணினார்கள்.

ரெஹானா ஐந்து நாள் வந்து ஊசி போட்டாள். கம்பி உள்ளே இருக்கிற வரைக்கும் இது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போனாள். நடக்க விடாதீர்கள் என்றும் சொன்னாள். விஜி தலையாட்டினாள். கட்டக்கூடாத மாட்டை எங்கே நிறுத்தி வைப்பது.

மாட்டுப் பொங்கல் விடிந்தது. கொட்டுச் சத்தம் கேட்டு விஜி வாசலுக்கு வந்தாள். தெருமுனையில் மாடு வந்துகொண்டிருந்தது, நொண்டாமல். நாலு காலையும் தரையில் அழுத்தி வைத்து, தலையை நிமிர்த்தி, சிமென்ட் ரோட்டில் டக்டக்கென்று குளம்புச் சத்தம் கேட்க நடந்து வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஆம்பிளைகள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள். ஆத்தா மனசு இறங்கிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக் கிழவர் அழுதார். கும்பிடலாமா என்று விஜியின் கையும் ஒரு நொடி மேலே போனது.

அப்புறம்தான் மாட்டுக்குப் பின்னால் வினோத்ராஜ் வருவதைப் பார்த்தாள். மாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவன். டாக்டருக்குப் படிக்காமலேயே ஊர் ஊராகப் போய் ஊசி போடுகிறவன். மாட்டின் தொடையில் புதிதாக ஊசி குத்திய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் உறைந்திருந்தது. அவள் கை கீழே இறங்கிவிட்டது.

மாடு அவள் வாசலில் நின்றது. வேட்டி கட்ட வேண்டிய முறை அவளுடையது. அவள் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"வலி ஊசி போட்டீகளா மாமா?"

கர்ணன் நல்ல நாளும் அதுவுமாக வாயைத் திறக்காதே என்றார்.

"வலி போகல. அதுக்கு வலி தெரியல, அம்புட்டுத்தான். உள்ள கம்பி இருக்கு. வலி தெரிஞ்சா கால ஊனாம நிக்கும், அது கால அதுவே காப்பாத்திக்கிரும். அந்த வலியவும் பிடுங்கிட்டு அத நடக்க விடுறீக. அது இப்ப தன் கால தானே மிதிச்சு நொறுக்குது."

கொட்டு நின்றுவிட்டது. ஒரு நொடி யாரோ ஒருவர், அவள் சொல்வது சரிதானோ என்று கீழே பார்த்த மாதிரி இருந்தது. உடனே கர்ணன் கையைக் காட்ட, கொட்டு முன்னைவிடப் பலமாக முழங்கியது. இரண்டு பெண்கள் விஜியைப் பிடித்து வாசல்படிக்கு இழுத்தார்கள். நாகராஜ் அவள் தோளிலிருந்து வேட்டியை எடுத்துத் தலை குனிந்தபடி மாட்டின் கழுத்தில் கட்டினான். மாடு போய்விட்டது. மேலத்தெரு, கீழத்தெரு, எல்லைக்கல், ஓடை, மந்தை என்று மூன்று மைலுக்குக் குறையாமல் சுற்ற வைத்தார்கள். விஜி கதவைச் சாத்திக்கொண்டு, வைத்த பொங்கலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஊர் மேல் வந்த கோபத்தில் பாதி, அந்த வேட்டியைக் கட்டிய புருஷன் மேலும் இருந்தது. அதை அவனிடம் சொல்லவும் செய்தாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகவில்லை, அன்றைக்கு மட்டும்.

அதற்கு அடுத்த இரண்டு காலையும் மாடு கழனித்தண்ணிக்கு வரவில்லை. அவளே தேடிப் போனாள். வாய்க்கால் கரையில் தென்னந்தோப்பு ஓரமாக மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. இடது பின்னங்கால் முட்டி வரைக்கும் தூண் மாதிரி வீங்கியிருந்தது. குளம்புக்கு மேலே தோல் வெடித்து, பத்தடி தூரத்திலேயே நாற்றம் அடித்தது. புண்ணுக்குள் புழு நெளிந்தது. அவளைப் பார்த்து அது வாயைக்கூடத் திறக்கவில்லை. கழுத்தில் கிடந்த பொங்கல் மாலை மட்டும் வாடாமல் இருந்தது, பிளாஸ்டிக் மாலை.

கர்ணனை அவர் வாழைத் தோட்டத்திலேயே பிடித்தாள். பொங்கல் முடிந்துவிட்டதே, இப்போது பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லபடியா சுத்தி வந்துருச்சுல்ல. இனி அது பாடு, ஆத்தா பாடு."

சொல்லிவிட்டு அவர் டீயை உறிஞ்சினார். கோபம் வந்தால் கத்துகிற பொம்பிளை விஜி. இந்தக் கோபத்துக்குக் கத்தல் வரவில்லை. திரும்பி நடந்தாள்.

நடந்தவள் கோயிலுக்குள் போய்ச் சாமிக்கு நேராக நின்றாள். உனக்குத்தான் விட்டேன், இவர்களுக்கு விடவில்லை என்றாள். மாட்டைக் காப்பாற்றப் போகிறேன், அதற்காக என் பிள்ளை மேல் நீ கை வைப்பாய் என்றால் நீ சாமியே இல்லை என்று சொல்லிவிட்டாள். திரும்பியவளின் கண்ணில் மண்டபத்துக் கொடியில் தொங்கிய வேட்டிகள் பட்டன. மாட்டுக்குக் கட்டிய வேட்டிகள், ஊர் வீடுகள் அத்தனையும் கொடுத்தவை. நூற்றுக்கு மேல் இருக்கும். பொங்கலன்று முழுக்க அந்த மாட்டின் உடம்பில் கிடந்தவை. கயிறுதானே படக்கூடாது.

காய் வெட்டுகிற கூட்டத்துக்குத் தலைவி அய்யம்மாள். ஐம்பது வயசு, ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. விஜி வேட்டிகளை அள்ளிக்கொண்டு போய் நின்றபோது கூட்டமே தோட்டத்தில் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தது. அவள் சொல்லி முடித்ததும் அய்யம்மாள் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஆம்பளைக எவனும் வர மாட்டான். நாம எட்டுப் பேரு இருக்கோம். ஒரு மாடு நம்ம பாரத்துக்கு மேலயா இருக்கப்போகுது?"

வேட்டியோடு வேட்டியை முறுக்கி முடிச்சுப் போட்டு நாற்பது முழத்துக்கு ஒரு வடம் ஆக்கினார்கள். ரெஹானாவுக்குப் போன் போனதும் உதவியாளரோடு வண்டியில் தென்னந்தோப்புக்கே வந்து இறங்கினாள். வடத்தின் முடிச்சுகளை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அப்புறம் அதை வாங்கி, மாட்டின் கழுத்தில் ஒரு சுற்று, முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு சுற்று, அடிவயிற்றில் ஒரு சுற்று போட்டு, நுனியை வால் பக்கம் கொண்டுபோய்ப் பெண்கள் கையில் கொடுத்தாள். விஜி முன்னால் நின்று கொம்பைப் பிடித்து, செவலை, செவலை என்று காதில் பேசிக்கொண்டே இருந்தாள். மற்ற ஏழு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். மாடு முன்னங்காலை மடித்து, பெருமூச்சு ஒன்று விட்டு, புல்லில் சாய்ந்தது.

அதற்குள் கரையில் கூட்டம் கூடிவிட்டது. கர்ணனும் வந்தார். கயிறு பட்டுவிட்டது என்று யாரோ கத்தினார்கள்.

"நல்லாப் பாருங்க. கயிறு எங்க இருக்கு? எல்லாம் நீங்க கட்டின வேட்டிதான். இந்தா, இது உங்க வீட்டு வேட்டி மாமா, சரிகை போட்டது. இதச் சாமி மாட்டு மேல கட்டலாம்னு நீங்கதான சொன்னீக?" என்றாள் அய்யம்மாள்.

சட்டம் போட்டவர்களுக்குச் சட்டத்தை வைத்தே வாயடைத்துவிட்டால் வேறு என்ன செய்வார்கள். பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ரெஹானா கணுக்காலுக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கி மரத்துப்போகிற ஊசி போட்டாள். கழுவினாள், புழுவை எடுத்தாள், கத்தியால் திறந்தாள். கம்பி வந்தது. சுண்டுவிரல் நீளம். அதை இடுக்கியில் தூக்கிப் பிடித்தவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. கம்பி மூட்டுக்குள் இறங்கியிருந்தது. மூன்று மைல் நடையில் மூட்டு எலும்பு நொறுங்கி, சீழும் எலும்புத் தூளும் சேர்ந்து வந்தது.

"நடக்காம இருந்திருந்தா இந்தக் குளம்பு பிழைச்சிருக்கும் அக்கா. இனி வெளிப்பக்கத்துப் பாதிய எடுத்தாகணும். மிச்சம் இருக்குற பாதிய வச்சு நடக்கும். எடுக்கலன்னா மாடே போயிரும்."

விஜி எழுந்து கூட்டத்தைப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்னது கேட்டதா என்று கேட்டாள். நடக்காமல் இருந்திருந்தால் என்று சொன்னது எல்லார் காதிலும் விழுந்ததா என்று கேட்டாள். குலவை போட்டவர்கள் எங்கே, அழுத கிழவர் எங்கே, ஊசி போட்ட வினோத்ராஜ் எங்கே என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். வினோத்ராஜ் நின்ற இடம் அதற்குள் காலியாகிவிட்டது. பிறகு உட்கார்ந்து மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எடுத்துவிடுங்கள் டாக்டரம்மா என்றாள்.

அறுக்கிற வேலை கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டுப் போட்டு, வடத்தை அவிழ்த்ததும் மாடு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. அப்புறம் தானாகவே எழுந்தது. கட்டுப் போட்ட காலைத் தரையில் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. அந்த ஒரு மாதமும் அய்யம்மாள் கூட்டம் முறை வைத்துக்கொண்டு தோப்பிலேயே அதற்குத் தீனி போட்டது. ரெஹானா வந்து வந்து கட்டு மாற்றினாள். மாசிப் பிறப்பில் அது நாலு காலில் நடந்தது. இடது பக்கம் ஒரு சாய்வு இருந்தது, அவ்வளவுதான்.

கமிட்டி மறுபடி கூடியது. விஜியைக் கூப்பிடவில்லை. அங்கம் பின்னமான மாடு சாமிக்கு ஆகாது என்று முடிவு செய்தார்கள். புதுக் கன்று ஒன்று வாங்குவதாகவும், இதைக் கோசாலையில் விட்டுவிடுவதாகவும் ஊருக்குச் சொன்னார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தோப்போரம் ஒரு லாரி வந்து நின்றது. விஜி ஓடிப் போனாள். கோசாலை எந்த ஊரில் என்று டிரைவரிடம் கேட்டாள். அவன் விவரம் புரியாமல், கம்பமெட்டு வழியாகப் போவதா குமுளி வழியாகப் போவதா என்றுதான் தனக்கு இன்னும் சொல்லவில்லை என்றான். இரண்டும் கேரளாவுக்குப் போகிற வழி. வெட்டுக்குப் போகிற மாடுகள் போகிற வழி.

லாரிக்காரர்கள் இறங்கினார்கள். ஒருவன் கையில் புதுக் கயிறு. அதை அவன் முடிச்சுப் போட்டுக்கொண்டே மாட்டைப் பார்த்து நடந்தான். கர்ணனும் கமிட்டி ஆட்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புண்ணை ஆற்ற ஆகாத கயிறு, லாரியில் ஏற்ற ஆகும். விஜி குறுக்கே போய் நின்றாள்.

"உங்களுக்கு வேண்டாம்னா விடுங்க. எனக்கு வேணும். எம் வீட்டு மாடு, நான் கொண்டு போறேன்."

"உன் வீட்டு மாடா? நீ சாமிக்கு விட்டது. கொடுத்தத திரும்ப எடுத்து உன் வீட்டுல கட்டினா, யாருக்காக விட்டியோ அவளுக்குத்தான் ஆகாது. ஏற்கெனவே அறுத்து ரத்தம் பாத்தாச்சு. இன்னும் என்ன பாக்கணும்? உன் மக தலையில நீயே மண்ணள்ளிப் போடுவியா?" என்றார் கர்ணன்.

அவர்கள் விற்கலாம். அவள் வளர்க்கக் கூடாது. இந்த அநியாயத்தைத் திருப்பி அவர் முகத்தில் அடிக்க விஜிக்கு நூறு வார்த்தை இருந்தது. கோயிலில் சாமியிடமே மல்லுக்கு நின்ற வாய், மகளைப் பேச்சில் இழுத்ததும் பூட்டிக்கொண்டது. தான் பயந்துவிட்டது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அதற்காகவும் அவள் அந்த மனிதரை வெறுத்தாள். கயிறு வைத்திருந்தவன் அவளைச் சுற்றிக்கொண்டு மாட்டின் பக்கம் போனான்.

ரோட்டில் ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்றிருந்த திரிஷா பையைத் தரையில் போட்டுவிட்டு வந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறவள். அம்மாவின் வாயில் பாதி, அப்பாவின் நிதானத்தில் பாதி. லாரிக்காரன் கையிலிருந்த கயிற்றைக் கேட்கக்கூட இல்லை, எடுத்துக்கொண்டாள். மாட்டின் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முடிச்சுச் சரியாக விழவில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"எனக்காக விட்ட மாடு. எனக்கு என்ன வருமோ வரட்டும். வந்தா நான் பாத்துக்கிறேன்" என்று கர்ணனிடம் சொன்னாள்.

கர்ணன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். யாரைக் காட்டிப் பயமுறுத்தினாரோ அவளே கயிற்றோடு எதிரில் நிற்கும்போது, மேலே பயமுறுத்த அவருக்கு ஆள் இல்லை. திரிஷா கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள். ஐந்து வருஷமாகக் கயிறு தெரியாத மாடு முதலில் தலையை உதறியது, பிறகு அவள் பின்னாலேயே போனது.

விஜி மாட்டுக்குப் பின்னால் நடந்தாள். அவளுக்குப் பயம் போகவில்லை. மகளின் முதுகையும், மாட்டின் இடது பின்னங்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வீடு வரைக்கும் போனாள்.